புதுமடத்தில் நாற்பது குழாய் எச்சில்

1961 பிப்ரவரி 21, செவ்வாய்க்கிழமை. காலை ஏழே முக்கால் மணிக்கு மண்டபத்தில் ரயிலை விட்டு இறங்கினேன். கையில் நாற்பது கண்ணாடிக் குழாய்கள், கையால் சுற்றும் சென்ட்ரிஃபியூஜ் ஒன்று, மரத்தூள் போட்ட பெட்டி ஒன்று. நாற்பதையும் எச்சிலால் நிரப்பிக்கொண்டு மறுநாள் சென்னைக்கு ரயிலேற வேண்டும். என் பேராசிரியர் அனுமதித்தது இந்த ஒரே பயணத்தைத்தான்.

பல் ஆடிய பிறகு ஈறு நோய் என்று சொல்ல யாரும் படிக்க வேண்டியதில்லை. ஈறு கெடத் தொடங்கும்போதே எச்சிலில் ஓர் என்ஸைம் கூடுகிறது என்று எங்கள் ஆய்வகத்தில் நம்புகிறோம். அதை அளந்தால் முன்கூட்டியே சொல்லிவிடலாம். சொல்ல முடியுமா என்று பார்க்கத்தான் போனேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: ஐஸ் மண்டபத்தில்தான் கிடைக்கும், மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ். இருபது பவுண்டு வாங்கினால் மாலை வரை தாங்கும். பஸ்ஸில் உச்சிப்புளி. அங்கிருந்து புதுமடத்துக்கு மூன்று மைல் மணல். மாட்டு வண்டிக்கு ஒன்றேகால் ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். வண்டிக்காரர் எதற்கு என்று கேட்டு, பெட்டியை நாலு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்கூருல கண்ட எடத்துல துப்புனா ஏசுவாக. நீங்க அத ஐஸ் வச்சுல்ல கொண்டு போறீக" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லிக்கு முன்பே கார்டு போட்டிருந்தேன். நோன்பு நாளில் வந்தால் ஊரே வெறும் வயிற்றோடுதான் இருக்கும் என்று தேதி குறித்தவர் அவர். அந்த யோசனை எனக்கும் பிடித்திருந்தது. சுரப்பதற்காக மெல்லக் கொடுக்கும் மெழுகுத் துண்டை மட்டும் வேண்டாம் என்றார். எச்சிலைத் துப்பினால் நோன்பு முறியாது, மென்றால் சரிவராது. ஆகவே பதினைந்து நிமிஷம் குனிந்து உட்கார்ந்து, தானாக ஊறி வடிவதைக் குழாயில் பிடித்தார்கள்.

மதரசாவில் ஆண்கள் இருபது பேர். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து, நல்ல ஈறு, கெட்ட ஈறு என்று பிரித்தேன். பெண்கள் இருபது பேர் துணித்திரைக்கு அந்தப் பக்கம். அவர்கள் வாயை நான் பார்க்க முடியாது. குழாய் மட்டும் திரைக்கு அடியில் வந்தது. அவர்கள் ஈறைப் பார்க்க என் சோதனையை விட்டால் வேறு கண் இல்லை.

கடைசிக் குழாயைக் கொடுத்தவள் ரஹ்மத்தும்மா, வயது இருபத்து நாலு. அவளுடைய அக்காவுக்கு முப்பது வயதுக்குள் பல் எல்லாம் விழுந்துவிட்டதாம். "எனக்கும் அப்புடி ஆயிருமா? இதப் பாத்துச் சொல்லிருவீகளா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள். சொல்லிவிடுவேன், பத்து நாளில் கார்டு வரும் என்றேன்.

மதியம் ஒன்றரைக்கு, எச்சிலின் கசடு அடியில் படிவதற்காக, சென்ட்ரிஃபியூஜை மதரசா பெஞ்சில் இறுக்கிச் சுற்றினேன். முதல் நாலு குழாய்களின் அடியிலும் சிவப்பு. அடுத்த நாலிலும் அதே. டார்ச்சில் குறையே தெரியாத வாய்க்காரர்களின் குழாயிலும் சிவப்பு. ரத்த அணுவுக்குள்ளேயே அந்த என்ஸைம் இருக்கிறது. ரத்தம் கலந்தால் எல்லா வாயும் நோய் வாய்தான்.

என்ன செய்தீர்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். திரைக்குப் பின்னாலிருந்து ரஹ்மத்தும்மா சொன்னாள்: "நல்லா வரணும்னு ரெண்டு தரம் வெளக்கிட்டு வந்தேன்."

எல்லாருமே விளக்கியிருந்தார்கள். மிஸ்வாக் குச்சியால், ஈறு எரியும்வரை. முத்தவல்லிக்கு என் கோபம் புரியவில்லை. "வெளியூருலேர்ந்து வந்தவுக கிட்ட வாயக் காட்டணும்னா சுத்தமில்லாமயா தம்பி வருவாக?" என்றார். சாப்பிடாதே, குடிக்காதே என்று எழுதிய நான் பல் விளக்காதே என்று எழுதவில்லை. நாளை எடுக்கலாமா என்று கேட்டேன். நோன்பு முடியும்வரை ஒவ்வொரு தொழுகைக்கு முன்னும் குச்சி வைப்பார்கள், பெருநாள் கழித்து வாருங்கள் என்றார்.

ரஹ்மத்தும்மாவின் குழாயைத் தனியாகச் சுற்றினேன். எல்லாவற்றையும்விட அதுதான் சிவப்பு. குச்சியா, நோயா, எனக்குத் தெரியாது. நாற்பதையும் ஐஸில் அடுக்கி, எல்லாம் சரியாக இருப்பதுபோல் பெட்டியை மூடினேன். நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழத்தில் கொஞ்சம் எனக்குப் பொட்டலமாகக் கட்டி வண்டியில் வைத்தார்கள்.

போகிறவர்கள் ஐஸைப் பற்றி என்னளவு கவலைப்பட வேண்டாம். காலையில் எழுந்ததும் அந்த ஊரில் வாயை என்ன செய்வார்கள் என்று முதலில் கேளுங்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. தவறு என்னுடையது, ஊர்க்காரர்களுடையது அல்ல என்று பேராசிரியரிடம் எழுதிக்கொடுப்பது.
2. நாற்பதையும் கொட்டிக் கழுவுவது. ஒன்றைக்கூட அளப்பதில்லை. எண் எழுதினால் யாராவது நம்பிவிடுவார்கள்.
3. பெருநாள் கழித்துப் போக அனுமதி கேட்பது. கிடைக்காது. ஆனாலும் கேட்பது.
4. உங்கள் குழாயை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை, ராமநாதபுரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் வாயைக் காட்டுங்கள் என்று ரஹ்மத்தும்மாவுக்குக் கார்டு எழுதுவது. அப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று அதற்கு முன் விசாரிப்பது.