மணமுடித்த ஊரின் சட்டை

எங்கள் கரையோர ஊருக்கும் அயலூருக்கும் உதைபந்தாட்டம் நடந்த மாலையில் அவரைச் சந்தித்தேன். மீன் லொறி ஓட்டுபவர் என்பதன்றி வேறெதுவும் அறியேன். மெலிந்த உடல், வெயிலில் கறுத்த முகம். கதிரை கொடுத்தும் அமராமல், பந்து செல்லும் பக்கமெல்லாம் கோட்டோரமாக நடந்துகொண்டேயிருந்தார்.

எங்களூரில் பிறந்து, அயலூரில் மணமுடித்துக் குடியேறிய இளைஞனொருவன் எதிரணிச் சட்டையுடன் பந்தைத் தொட்டபோதெல்லாம், "துரோகி! ஊரை வித்துப்போட்டான்!" என்று கத்தினார். போர்க்காலத்தில் இந்த மண்ணில் உயிர்களைப் பறித்த சொல் அது.

"எங்கட அணிக்காகக் கோல் அடிச்ச பெடியனும் அயலூரில பிறந்தவன்தானே?" என்றேன்.

"அவன் என்ர மருமகன் ஐயா. கலியாணம் கட்டினா பொம்பிளையின்ர ஊருக்குத்தானே விளையாட வேணும்? அதுதான் முறை."

"அப்ப இவன்?"

"இவன் எங்கட பிள்ளையெல்லோ!"

சற்று நின்று, "நீங்கள் பிறந்தது எங்க?" என்றார்.

நானும் இவ்வூருக்கு மாப்பிள்ளையாக வந்தவனே. அயலூரின் பெயரைச் சொன்னேன்.

"அதுக்கென்ன, இப்ப நீங்கள் எங்கட ஆள்!" என்று தோளில் தட்டிவிட்டு நடந்தார்.

எதிர்க்கோட்டில் நின்ற நான் பிறந்த ஊரவர் என்னை என்னவென்று அழைத்தனரோ என்ற எண்ணம் இன்னும் அடங்கவில்லை.