மாப்பிள்ளை சஷ்டியும் ஷெஃபாலியும்

ஓடிப்போனவள் என்று அவளைச் சொல்லாதீர்கள். ஓடுகிறவள் காலில் செம்பஞ்சுக் குழம்பு தடவிக்கொண்டு, பட்டப்பகலில், தலைவாசல் வழியாகவா போவாள்? மண்டல் வீட்டம்மா ஆயிரம் சொல்லட்டும். அந்தம்மா அன்றைக்கு ஊரிலேயே இல்லை. எதிர்வீட்டில் நின்று பார்த்தவள் நான்.

எங்கள் கிருஷ்ணநகரில் மாப்பிள்ளை சஷ்டி வந்தால் மாமியார்கள் மருமகன்களை அழைத்து, கையில் மஞ்சள் நூல் கட்டி, விசிறிவிட்டு, வயிறு வெடிக்கப் போடுவார்கள். எதிர்வீட்டுக் கிரண்பாலாவுக்கு மூன்று மருமகன்கள். பெரியவருக்கு மீன் தலை வைக்காவிட்டால் முகம் தொங்கிவிடும். நடுவுள்ளவருக்கு வயிறு சரியில்லை, கஞ்சி போதும் என்பார். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளப் பாதிப் பலாப்பழம். சின்னவர் எதுவும் கேட்கமாட்டார். கேட்க வாய் காலியாக இருந்தால்தானே!

இத்தனைக்கும் அடுப்படியில் வெந்தவள் அந்த வீட்டு மருமகள் ஷெஃபாலி. குழம்பில் உப்புக் குறைந்தால் முகர்ந்தே சொல்லிவிடுவாள். மாமியாரிடம் "ஆகட்டும்மா" என்பதோடு சரி. மனம்விட்டுப் பேசுவது மீனோடுதான். அரிவாள்மனையில் உல்லம் மீனை வைத்து, "வாங்க பெரிய மாப்பிள்ளை, வெக்கப்படாம கழுத்தக் காட்டுங்க" என்பாள். என் வீட்டுவரை கேட்கும்.

அவளுக்கும் ஆற்றுக்கு அக்கரையில், நவதீபத்தில், ஒரு தாய் உண்டு. அந்தத் தாய்க்கும் மாப்பிள்ளை உண்டு: ஷெஃபாலியின் புருஷன் பிரபீர். ஆனால் கிரண்பாலா விட்டால்தானே? "அடுத்த வருஷம் போலாம்மா. மாப்பிள்ளைங்க வர்ற நாள்ல நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா என் மானம் என்ன ஆவறது?" வருஷா வருஷம் இதே பேச்சு. அங்கே அந்தத் தாய் கல்யாணப் படத்துக்கு மஞ்சள் நூல் கட்டி, படத்துக்கே விசிறிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் போனில் சொன்னாளாம்: "கண்ணு மங்கிப்போச்சுடி. படத்துல மாப்பிள்ளை எந்தப் பக்கம் நிக்கிறாருன்னே தெரியல. ரெண்டு பேருக்கும் சேத்தே வீசிடறேன்."

சஷ்டியன்று காலை ஷெஃபாலி மீனைக் கழுவினாள், கடுகை அரைத்தாள், எல்லாவற்றையும் மாமியார் முன் கொண்டுவந்து வைத்தாள். "உங்க மாப்பிள்ளைங்களுக்கு உங்க கையால ஆக்கிப் போடுங்கம்மா. என் அம்மாவும் மாப்பிள்ளைக்காகக் காத்துக்கிட்டிருக்கா."

"நாள் கெழம பாத்தா இந்த வேலை!" என்று கிரண்பாலா அலறினாள்.

பிரபீர் மச்சான்களுக்கு மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தான். "நானும் வந்துட்டா இங்க யாரு பரிமாறுவா?"

"அவங்களுக்குக் கை இல்லையா? சாப்பிடுறப்ப மட்டும் நாலு கை மொளைக்குது!"

தெருவில் ரிக்‌ஷா நின்றது. அவள் ஏறி உட்கார்ந்தாள். பிரபீர் முழங்கை வழியே மாம்பழச் சாறு ஒழுக நிலைப்படியில் வந்து நின்றான். உள்ளேயிருந்து, "டேய் பிரபீர், மீன் கருகுதுடா!" என்று தாய் கூப்பிட்டாள்.

ஷெஃபாலி திரும்பிப் பார்க்கவில்லை. ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் காலியாக இருந்த பாதி இருக்கையை முந்தானையால் ஒருமுறை துடைத்தாள்.