முன்போலவே என்று எழுதியவர்

மனநல மருத்துவமனையின் பதிவறையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருந்த எழுத்தருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் 'முன்போல'. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவர் எழுதியதை வைத்துத்தானே பெயர் வந்தது.

சட்டப்படி, உள்ளே இருக்கும் ஒவ்வொருவரையும் மருத்துவர் மாதம் ஒருமுறை பார்த்து, நிலை என்னவென்று அவரவர் கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே இருந்ததோ அறுநூறு பேருக்கு இரண்டு மருத்துவர்கள். எந்தப் புண்ணியவான் தொடங்கி வைத்தாரோ, மருத்துவர்கள் வெற்றுத் தாளில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நிரப்புவது எழுத்தரின் வேலை. "வார்டில் நடமாடுகிறார். மருந்து உண்கிறார். நிலை முன்போலவே." மாதக் கடைசியில் இரண்டு நாள் உட்கார்ந்தால் அறுநூறும் முடிந்துவிடும். எழுத்து முத்து முத்தாக இருக்கும். தணிக்கைக்கு வந்தவர்கள் கையெழுத்தைப் பாராட்டிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மருத்துவமனை வாசலில் இருந்த பெயர்ப் பலகை இரண்டு முறை மாறியது. முதலில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி, அப்புறம் மனநோய் மருத்துவமனை, இப்போது மனநல மருத்துவமனை. ஒவ்வொரு சட்டத்தோடும் ஒரு பெயிண்டர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவார். பூட்டு மட்டும் மாறவில்லை. முதல் சட்டம் வெளியே இருப்பவர்களின் நிம்மதிக்காக எழுதியது. உறவினர் ஒருவரின் மனு, இரண்டு மருத்துவர் சான்று, நீதிபதி உத்தரவு, கதவு சாத்தியாயிற்று. வெளியே வர வேண்டுமென்றால் மனுப் போட்ட அதே உறவினர் வந்து கையெழுத்திட வேண்டும். அவர் வராவிட்டால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரி கிடையாது. இரண்டாவது சட்டம் கோப்பின் கனத்தைக் கூட்டியதோடு சரி. மூன்றாவது சட்டம்தான், உள்ளே இருப்பவரே தனக்காக மனுக் கொடுக்கலாம், மூன்று பேர் கொண்ட வாரியம் விசாரித்து முடிவு சொல்லும் என்றது.

நாலாம் வார்டுத் தையல்காரம்மா மனுக் கொடுத்தார். இருபத்துமூன்று வருடத்துக்கு முன் அண்ணன் கொண்டுவந்து சேர்த்தவர். அண்ணன் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போன வருடம் அவர் இறந்த செய்திதான் வந்தது. மருத்துவமனையின் தலையணை உறை முழுக்க இந்த அம்மா தைத்தது. பெண்கள் விடுதி ஒன்று தங்க இடமும் தையல் வேலையும் தருவதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. மாதக் கடைசிவரை இடத்தை வைத்திருப்பார்கள். வாரியம் மறுத்துவிட்டால் அடுத்த மனு ஒரு வருடம் கழித்துத்தான். அதற்குள் விடுதி இடம் போய்விடும்.

விசாரணைக்கு முந்தின நாள், கண்காணிப்பாளர் பதிவறைக்கு வந்தார்.

"கோப்பு ரொம்பக் கனமா இருக்கு. உதிரித் தாளையெல்லாம் எடுத்துட்டு, மாசக் குறிப்பை மட்டும் கட்டி வைங்க. வாரியம் அதைத்தான் பார்க்கும்."

"சரிங்க சார்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். உதிரித் தாள்களுக்கு நடுவில் பழுப்பேறிய சீட்டு ஒன்று இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் பொது மருத்துவமனை கொடுத்தது. கால் முறிவு, மாவுக்கட்டு, நாற்பத்தொரு நாள் உள்நோயாளி. எழுத்தர் அந்த மாதத்துத் தாளைத் தேடி எடுத்தார். அவருடைய முத்து முத்தான எழுத்து: "வார்டில் நடமாடுகிறார்."

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழித்துப் போடவும் கை வரவில்லை, திரும்ப வைக்கவும் துணிவு வரவில்லை.

சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவர் காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டார்.

"நீங்க சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது? இன்னும் நாலு மாசத்துல ரிட்டையர் ஆகப்போறீங்க. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கணுமா?"

"வேலியில போனது இல்ல இது. நான் வளர்த்தது."

"டாக்டர்தானே கையெழுத்துப் போட்டாரு?"

"எழுதினது நான்."

மனைவி நிமிர்ந்து பார்த்தார். "அந்தம்மா எப்படி இருப்பாங்க?"

"தெரியாது."

"பத்தொன்பது வருஷமா எழுதறீங்களே."

"தெரியாதுன்னு சொல்றேன்ல," என்று எரிந்து விழுந்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவமானம்தான், வேறென்ன.

மறுநாள் காலை பத்து மணிக்கு வாரியம் கூடியது. நீண்ட மேசையின் நடுவில் நீதிபதியம்மா, ஒரு பக்கம் வெளியூர் மருத்துவர், இன்னொரு பக்கம் லாரி மெக்கானிக் ஒருவர். மெக்கானிக் முன்பு வேறொரு மனநல மருத்துவமனையில் உள்ளே இருந்தவர். அப்படி ஒருவரும் வாரியத்தில் இருக்க வேண்டும் என்பது புதுச் சட்டம். சுவரோரப் பெஞ்சில், அன்று மனு விசாரணைக்கு வந்த மூன்று பெண்கள் ஒரே சாம்பல் நிற உடுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கோப்பு, தேவைப்பட்டால்தான் ஆள். எழுத்தர் கோப்புகளோடு கதவருகில் நின்றார். பையிலிருந்த சீட்டு நெஞ்சில் உறுத்தியது.

தையல்காரம்மாவின் கோப்பு விரிந்தது.

"நான் வந்து மூணு வாரம்தான் ஆகுது. கோப்புப்படி பார்த்தா மாற்றம் இல்லை," என்றார் வார்டு மருத்துவர், இளைஞர்.

"கடைசிப் பத்தொன்பது வருஷத்துல மட்டும் இருநூத்து இருபத்தெட்டு மாசக் குறிப்பு இருக்கும்மா. ஒண்ணுலகூட முன்னேற்றம்னு இல்ல," என்றார் கண்காணிப்பாளர்.

மெக்கானிக் தாள்களைப் புரட்டினார். "ஷெட்டுல போட்டு வெச்ச வண்டியே இப்படி இருக்காது சார். துரு ஏறும், டயர் இறங்கும். ஒரு மனுஷி எப்படி இத்தனை வருஷம் அப்படியே இருப்பாங்க?"

"இந்த நோய் அப்படி. பேசும்போது நல்லாத்தான் பேசுவாங்க. கோப்பை நம்பித்தான் முடிவு பண்ணணும்," என்றார் கண்காணிப்பாளர்.

நீதிபதியம்மா பேனா மூடியைக் கழற்றினார். அவ்வளவுதான், இனி ஒரு வரி, ஒரு கையெழுத்து. எழுத்தரின் கால் தானாக நகர்ந்ததா, அவர் நகர்த்தினாரா தெரியாது. மேசைக்கு முன் நின்றிருந்தார்.

"அம்மா, இதையும் பார்த்துடுங்க."

சீட்டை வைத்தார். நீதிபதியம்மா படித்தார், தேதியைப் பார்த்தார், கோப்பைப் புரட்டினார்.

"மாவுக்கட்டோட வேற ஆஸ்பத்திரியில படுத்திருந்தவங்க இங்க எப்படி நடமாடினாங்க?"

"நடமாடல. நான் எழுதினேன்."

கண்காணிப்பாளர் முந்திக்கொண்டார். "ஏதோ கவனக் குறைவும்மா. ஒரு மாசம்தானே."

தப்பிக்க வழி திறந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இன்னும் நாலு மாதம் தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்துவிட்டுப் போகலாம். நீதிபதியம்மா அவர் முகத்தையே பார்த்தார்.

"ஒரு மாசமா, எல்லா மாசமுமா?"

"எல்லா மாசமும். எந்த டாக்டரும் பார்க்கல. நானும் பார்க்கல. இவங்களுக்கு மட்டும் இல்ல, அறுநூறு பேருக்கும் அப்படித்தான்."

கண்காணிப்பாளரின் முகம் கறுத்துவிட்டது.

"பெஞ்சில மூணு பேர் இருக்காங்க," என்றார் நீதிபதியம்மா. "இந்தக் கோப்பு யாரோடதுன்னு காட்டுங்க."

எழுத்தர் திரும்பினார். மூன்று முகங்கள். மூவருக்கும் நரைத்திருந்தது. ஊசி குத்திய தழும்பாவது தெரிகிறதா என்று விரல்களைப் பார்த்தார். மூவரும் கையை மடியில் பொத்தி வைத்திருந்தார்கள்.

"தெரியலம்மா."

நடுவில் இருந்தவர் எழுந்தார், ஒரு காலைச் சற்று இழுத்தபடி.

"நான்தான் சார். உங்களை எனக்குத் தெரியும். தையல் ரூம் ஜன்னல்லேருந்து தினமும் பார்ப்பேன். உங்க குடையில ஒரு கம்பி விட்டுப் போய் துணி தொங்குது, ரெண்டு மழைக்காலமா. கொடுத்திருந்தா தைச்சுக் கொடுத்திருப்பேன்."

எழுத்தரால் நிமிர முடியவில்லை. அந்த அம்மா அவரைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

வாரியம் தையல்காரம்மாவிடம் அரைமணி நேரம் பேசியது. விடுதியைப் பற்றி, மருந்தைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி. மூவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். போகலாம் என்று நீதிபதியம்மா எழுதினார். பிறகு கோப்பை எழுத்தர் பக்கம் தள்ளினார்.

"இன்னிக்கு நிலை என்னன்னு நீங்களே எழுதுங்க. பார்த்து எழுதுங்க. டாக்டரும் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடட்டும்."

எழுத்தர் உட்கார்ந்தார். 'நிலை' என்று எழுதியதும் பேனா பழக்கத்தில் 'மு' போட்டுவிட்டது. அதை அடித்துவிட்டு, பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

"எப்படி இருக்கீங்கம்மா?"

தையல்காரம்மா யோசித்தார்.

"பயமா இருக்கு சார். ரோட்டைத் தாண்டறது எப்படின்னே மறந்து போச்சு. ஆனா போகணும். ரெண்டையும் எழுதுங்க."

ரெண்டையும் எழுதினார். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. கண்காணிப்பாளர் எழுந்து வெளியே போனார், எழுத்தரிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தட்டச்சு செய்யச் சொல்ல. பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் எழுத்தரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.