இரண்டு வாரத்து மதிப்பெண்

காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் போல்ட்டுகளை அளந்து பார்த்து அனுப்புகிற வேலை எனக்கு. மணிக்கொரு தரம் அளந்து தாளில் எழுத வேண்டும் என்பது விதி. ஆடிட் வருகிற காலையில் ஒரு மாதத்துத் தாளையும் ஒரே மூச்சில் நிரப்புவது எங்கள் வழக்கம். சந்தேகம் வராமலிருக்கப் பேனாவைக்கூட மாற்றிக்கொள்வோம்.

போன வருடம் எனக்கு எதிலும் மனம் ஒட்டாமல் போயிற்று. அழுகைகூட வரவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? மனைவிதான் திருவள்ளூரில் ஒரு மனநல மருத்துவரிடம் இழுத்துப் போனாள். மனச்சோர்வு என்று சொல்லி அந்த அம்மா மாத்திரை கொடுத்தார்.

"கேக்குமா மேடம்?"

"முன்கூட்டியே சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் மாறும். ரெண்டு வாரத்துல கொஞ்சமாவது அசைஞ்சா இதே மருந்து கேக்கும்னு நம்பலாம். இல்லன்னா மாத்தலாமான்னு பாக்கணும்."

மனசு எப்படி இருக்கிறதென்று தினமும் பத்துக்கு மதிப்பெண் போட ஓர் அட்டை தந்தார்.

அட்டை அலமாரியிலேயே கிடந்தது. இரண்டு வாரம் கழித்து, மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்து பதினான்கு கட்டத்தையும் நிரப்பினேன். இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, நான்கு. நடுவில் ஒரு நாள் சறுக்காவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள். கடைசியில் ஆறு. பேனாவையும் மாற்றினேன். ஏமாற்ற வேண்டும் என்றில்லை, கை அப்படிப் பழகியிருந்தது. மருத்துவர் சந்தோஷமாக அதே மாத்திரையை இன்னொரு மாதத்துக்கு எழுதினார்.

அந்த மாதம் என் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து, முழங்காலில் ரத்தம் வழிய வீட்டுக்கு வந்தாள். "அப்பா" என்றாள். நான் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் மறுபடி கூப்பிடவில்லை. அம்மாவைத் தேடி உள்ளே போய்விட்டாள்.

அடுத்த முறை மனைவியும் மருத்துவரின் அறைக்குள் வந்தாள். மேசைமேல் இருந்த அந்தப் பழைய அட்டையைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினாள்.

"இன்னா மேடம், ஆறா? கொயந்த ரத்தத்தோட வந்து நிக்குது, இவரு குந்திக்கினு பாத்துக்கினு இருந்தாரு!"

உண்மையை ஒப்புக்கொண்டேன். மருத்துவர் திட்டவில்லை. "ஒரு மாசம் வீணாப்போச்சே" என்று மட்டும் சொல்லி, மருந்தை மாற்றி, புது அட்டை கொடுத்தார். இதுவாவது கேட்குமா என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். முதல் கட்டத்தில் ஒன்று என்று போட்டேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"பத்துக்கு ஒண்ணுதானாப்பா?"

அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அந்த வெட்கம்தான்.