கொஞ்ச நேரந்தான்

ஊசி போடுமுன் கையில் தடவுகிற ஸ்பிரிட் பஞ்சின் குளிரும் வாசமுந்தான், பிள்ளைகளே, என்னுடைய ஒன்பது வயதை நினைத்ததும் முதலில் வருகின்றன. அந்த வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கண்டியில் ஓர் ஆஸ்பத்திரி அறையில் இருந்தேன். நோய் ஒன்றும் இல்லை. அப்பா "மறியலில்", அதாவது சிறையில், இருந்தார். சண்டையில் ஒருவரை அடித்துக் காயப்படுத்திவிட்டார். தப்பு தப்புதான்.

ஆனால் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, அவர் சவூதியில் என்றே சொல்லிவைத்திருந்தார். அந்த ஆஸ்பத்திரித் தாதிமார் சிலர், "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவோம், எங்களைப் போன்ற பிள்ளைகளை ஆளுக்கொருவராகப் பொறுப்பெடுத்து, தங்கள் லீவு நாளில் பாடம் சொல்லி, தின்னப் பணிசும் குடிக்கப் பிளேன்டீயும் தந்து பார்த்துக்கொண்டார்கள். முதல் நாள் அங்கேயும் நான் சவூதிக் கதையை எடுத்துவிட, பக்கத்திலிருந்த செல்வி சிரித்தாள்.

"எங்கப்பாவும் அந்தச் சவூதியிலதான்டா இருக்காரு!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

என்னைப் பொறுப்பெடுத்தவர் திகன ஊர்க்காரரான பரீதா மிஸ்ஸி. எனக்குத் தவறிப்போயிருந்த தடுப்பூசியை அவர்தான் போட்டார். வலிக்காது என்று அவர் எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை. "நோகும் மகன். கொஞ்ச நேரந்தான்" என்பார், சொன்னபடியே இருக்கும்.

அப்பா என்னைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் அம்மாவிடம் கேட்டனுப்பினார். நானோ போகிற நாளில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வேன். அம்மா சொல்லக் கேட்டு மிஸ்ஸி என் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"வயித்துல ஒண்டுமில்ல, பயந்தான். கேளுங்க மகன். ஒங்கட வாப்பா மெலிஞ்சிருப்பார், முடிய ஒட்ட வெட்டியிருப்பாங்க. நடுவுல கம்பி வல, தொட ஏலாது. மணியடிச்சா வரணும். வெளிய வந்தா அழுக வரும், அழுங்க."

"ஒங்களுக்கு எப்படி மிஸ்ஸி தெரியும்?"

"போன கிழம போய்ப் பாத்துட்டு வந்தன். ஊசியப் பாக்காமலா போடுவன்?"

போனேன். எல்லாம் அவர் சொன்னபடியே இருந்ததால் நேரே வலைவரை நடந்தேன். ஆனால் என்னைக் கண்டதும் அப்பாவுக்குத்தான் உதடு துடித்தது. வலைக்கு இந்தப் பக்கம் நின்று நான் சொன்னேன்: "இப்ப மணியடிப்பாங்கப்பா, நாங்க போயிருவோம். ஒங்களுக்கு அழுக வரும். கொஞ்ச நேரந்தான். அடுத்த மாசமும் வருவேன்." அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு வயிற்றுவலி வரவில்லை. தண்டனை முடிந்து அப்பா வீட்டுக்கு வரும்வரை ஒரு மாதமும் தவறாமல் போனேன்.

மிஸ்ஸி ஓய்வுபெற்றுவிட்டார். நாங்கள் உட்கார்ந்திருந்த அறையில் இப்போது கட்டில் விரிப்புகளை அடுக்கியிருக்கிறார்கள். சவூதிக் கதை எங்கள் வீட்டில் எப்போதோ ஒழிந்தது. போன வாரம் என் மகளுக்குத் தடுப்பூசி. அவளை மடியில் வைத்திருந்தவர் அப்பா. "வலிக்காது பாப்பா" என்று சின்ன மிஸ்ஸி ஒருவர் பஞ்சை எடுத்தார்.

"வலிக்கும் தங்கம்" என்றார் அப்பா. "கொஞ்ச நேரந்தான்."