ஜெட் போட்டுக்கு ஆரத்தி எடுத்த கதை

எங்கள் வீட்டு வாசலில் டிராக்டர் நின்றிருக்கிறது. கதிர் அறுக்கும் மிஷின் நின்றிருக்கிறது. ஒரு ஜெட் போட் வந்து நிற்கும் என்று மட்டும் நான் கனவிலும் நினைத்ததில்லை. கடற்கரை எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நாங்கள் நெல்லும் உளுந்தும் போடுகிற குடும்பம். மீன் வாங்குவதைத் தவிர கடலோடு எங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை.

போட்டைக் கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். பதினோரு வருடம் வளைகுடாவில், வசதியானவர்கள் பொழுதுபோக்குக்கு ஓட்டும் படகுகளை நிறுத்தி வைக்கிற ஒரு துறையில் மெக்கானிக்காக இருந்தவர். வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார். இந்த முறை கெஞ்சிக் கூத்தாடி இரண்டு மாதம் வாங்கிக்கொண்டு வந்தார். வந்த கையோடு அவரும் கொழுந்தனாரும் கொச்சிப் பக்கம் போய், யாரோ ஓட்டி அலுத்த ஒரு பழைய ஜெட் போட்டை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். எட்டுப் பேர் உட்காரலாம். வெள்ளை உடம்பு, நீலக் கோடு. விடுமுறைக்குக் கடற்கரைக்கு வருகிறவர்களை ஏற்றி, அலையாத்திக் காட்டு ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுவது என்பது திட்டம்.

திட்டத்தில் இரண்டு கிழமைகள்தான் முக்கியம். ஆட்களை ஏற்றலாமா என்று பார்த்து அனுமதி தருகிற அதிகாரி வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்காரருடைய வளைகுடாக் கம்பெனியோ அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு விமான டிக்கெட் போட்டு அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை போட் தேறினால் அவர் இங்கேயே இருந்துவிடுவார். தேறாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவார். இதை அவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக் காலண்டரை நாங்கள் இரண்டு பேரும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அதிகாரி வருவதற்கு முந்தின ஞாயிறு நல்ல நாளாக அமைந்தது. போட்டைத் தண்ணீரில் இறக்கினோம். பூசைப் பொறுப்பு என்னுடையது. புது டிராக்டர் எடுத்தால் என்னென்ன செய்வோமோ அத்தனையும் செய்தேன். சந்தனம், குங்குமம், சிதறு தேங்காய். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டுமே, போட்டுக்கு ஏது சக்கரம்? யோசித்துவிட்டு டிரெய்லர் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றச் சொன்னேன். அறந்தாங்கியில் சொல்லிவைத்துக் கட்டிய ஆளுயர மாலை ஒன்றைப் போட்டின் மூக்கில் நானே தொங்கவிட்டேன். சம்பங்கியும் ரோசாவும், நடுநடுவே ஜரிகை.

"கெளம்பறப்ப மாலைய எடுத்துருவமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"எவனாச்சும் புது வண்டியில போட்ட மாலைய எடுப்பானா? அதுவா காஞ்சு விழுகுற வரைக்கும் கெடக்கட்டுங்க" என்றேன்.

டிராக்டரில் அப்படித்தான் கிடக்கும். இது டிராக்டர் இல்லையே. கொழுந்தனார் வேகத்தை ஏற்றியதும் மாலை ஒரு துள்ளுத் துள்ளித் தண்ணீரில் விழுந்தது. போட் அதன் மேலேயே ஏறிப் போனது. கரையில் இருந்த நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். "கடலம்மா மாலைய வாங்கிக்கிட்டா!" என்று நான் சத்தமே போட்டேன். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

போட் திரும்பி வந்தபோது பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து வந்தது. மூடியைத் திறந்தால், இன்ஜினுக்கு அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். முகந்து ஊற்றியதில் நாலு பக்கெட் வந்தது.

"பழைய போட்டுதானே, எங்கிட்டாச்சும் கசியும். பாத்துருவோம்" என்றார் வீட்டுக்காரர். குரலில் கவலையே இல்லை. அவருக்குக் கவலை வந்தால் குரலில் இருக்காது, சோற்றில் தெரியும். அன்றிரவு ஒரு கரண்டிதான் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை, அடியில் தண்ணீர் வடியவிடுகிற திருகு மூடியைக் கழற்றிப் பார்த்தார். அதன் ரப்பர் வாஷர் முறுக்கு மாதிரி நொறுங்கியது. ஆள் அகப்பட்டுவிட்டான் என்று சந்தோஷப்பட்டு, புது வாஷர் போட்டு, மறுபடி கடற்கரை வரை இழுத்துப் போய்த் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது இரண்டு பக்கெட் குறைந்திருந்தது. இன்னும் இரண்டு மிச்சம். செவ்வாய்க்கிழமை, ஏறி இறங்குகிற ஏணியைப் பொருத்தியிருந்த ஸ்குரூக்களைக் கழற்றி, ஓட்டைகளில் பசையை நிரப்பி முறுக்கினார். மறுபடி கடற்கரை. மறுபடி இரண்டு பக்கெட். கொழுந்தனார் என்னிடம் வந்து, "அண்ணி, டிரெய்லரு ஓடுற தூரம் போட்டு ஓடியிருந்தா இந்நேரம் சிலோனுக்கே போயிருக்கலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் அவர் முறையை மாற்றினார். போட்டைத் தண்ணீருக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாகத் தண்ணீரைப் போட்டுக்குக் கொண்டுவருவது. வெளியிலிருந்து உள்ளே வருகிற வழியாக உள்ளேயிருந்து வெளியேயும் வந்துதானே ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு. வாசலில் டிரெய்லரின் பின்பக்கத்தைத் தாழ்த்தி, இன்ஜினுக்கு அடியில் மட்டும் நிற்கிற மாதிரி அளவாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கீழே கோணியை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டார்.

கால் மணி நேரம் கழித்து எழுந்தார். "எல்லாப் பக்கமும்தான் சொட்டுது. எது நேத்து நனஞ்ச ஈரம், எது இப்ப ஊத்துன தண்ணின்னு எப்புடிக் கண்டுபுடிக்கிறது?"

அடிப்பாகத்தில் மடிப்புகளும் சந்துகளும் நிறைய. அங்கங்கே தங்கிய பழைய தண்ணீரும் சேர்ந்து வடிந்துகொண்டிருந்தது.

"கலர் தண்ணி ஊத்திப் பாருங்க" என்றேன்.

"அங்க கம்பெனியில அதுக்குன்னு ஒரு சாயம் இருக்கும். இங்கிட்டு அதுக்கு நான் எங்க போக?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அது அவர் மேல் வந்த கோபம் இல்லை, அந்தக் கம்பெனி மேல். நேராக அடுப்படிக்குப் போய் அரைக் கிலோ மஞ்சள்தூளை எடுத்தேன். வெற்றிலைக்கு வாங்கிய சுண்ணாம்பு டப்பாவையும் எடுத்தேன். அண்டாவில் தண்ணீர் பிடித்து இரண்டையும் போட்டுக் கலக்கினேன். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் தண்ணீர் திகுதிகுவென்று சிவந்தது. எத்தனை கல்யாணத்துக்குத் தட்டில் கரைத்திருப்பேன்! அண்டா நிறைய ஆரத்தி கரைத்தது அன்றைக்குத்தான்.

பக்கத்து வீட்டு அக்கா அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்னடி இது, போட்டு மாசமா இருக்கா?"

"இல்லக்கா. ஒடம்பு சரியில்ல, பாக்குறோம்" என்றேன்.

வீட்டுக்காரர் அண்டாவைப் பார்த்தார், வெள்ளைப் போட்டைப் பார்த்தார். "கறை போகாதே" என்று முனகினார். பிறகு அவரே வாங்கி ஊற்றினார். நாங்கள் மூன்று பேரும் மூன்று பக்கம் குனிந்து உட்கார்ந்தோம். திருகு மூடியில் நிறமில்லாத வெறும் தண்ணீர். ஏணிப் பக்கமும் வெறும் தண்ணீர். பிறகு போட்டின் அடிவயிற்றில், தண்ணீரை உறிஞ்சுவதற்கென்று இருக்கிற வாய்க்குள்ளிருந்து ஒரு சிவப்புச் சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்புறம் நூல் பிடித்த மாதிரி ஒழுக ஆரம்பித்தது.

"இங்கிட்டு! இங்கிட்டு வாங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கோழிகள் ஓடின.

ஜெட் போட்டுக்கு மற்றப் படகுகளைப் போல வெளியே சுற்றுகிற காற்றாடி கிடையாது. அடியில் இருக்கும் வாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும், அந்த வேகத்தில் ஓடும். உறிஞ்சுகிற விசிறியைச் சுற்றிவிடுகிற இரும்புத் தண்டு இன்ஜினிலிருந்து படகின் உடம்பைத் துளைத்துக்கொண்டு அந்த வாய்க்குள் வருகிறது. துளைத்த இடத்தில் தண்ணீர் உள்ளே வராமல் ஒரு ரப்பர் சீல் கவ்விப் பிடித்திருக்கும். சிவப்பு அங்கிருந்துதான் வந்தது. ஒரு பகல் முழுக்க ஆனது அதைக் கழற்ற. சாயங்காலம் தண்டை உருவியபோது, அதைச் சுற்றி இறுக்கமாக ஏதோ சுற்றியிருந்தது. வீட்டுக்காரர் கத்தி முனையால் நெம்பி நெம்பிப் பிரித்தார். சூட்டில் உருகி இறுகிய நைலான் நூல். ரப்பரின் உதட்டை அது ஒரு பக்கமாக அறுத்துத் தின்றிருந்தது. நூலோடு நூலாக ஒரு விரல் நீளத்துக்கு ஜரிகையும் வந்தது.

கொழுந்தனார் வானத்தைப் பார்த்தார். மாலையை வாழைநாரில் கட்டியிருந்தால் அதுவே நைந்து போயிருக்கும். இப்போது எந்தப் பூக்கடையில் வாழைநார் இருக்கிறது? அதுவும் நான்தான், நன்றாக உறுதியாகக் கட்டுங்கள் என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தேன். மாலையை எடுத்துவிடலாமா என்று கேட்டவரை வாயடைத்ததும் நான்தான். அவரை இங்கேயே இருக்க வைக்க வேண்டும் என்று நான் போட்ட மாலை, அவரை விமானத்தில் ஏற்றப் பார்த்திருக்கிறது. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நூலைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, கைபேசியை எடுத்துச் சென்னையில் தெரிந்தவர்களுக்கு வரிசையாகப் பேசினார். எட்டாவது ஆளிடம் அதே அளவில் சீல் இருந்தது. ராத்திரி பஸ்ஸில் பார்சல் போட்டார்கள். வியாழக்கிழமை விடிந்ததும் கொழுந்தனார் போய் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கி வந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அட்டைப்பெட்டி. அன்றைக்கு எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய சாமி எதுவும் இல்லை.

வியாழக்கிழமை இருட்டுவதற்குள் சீலைப் போட்டுத் தண்டைப் பூட்டிவிட்டார். உள்ளே மறுபடி தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அடிவாய் காய்ந்தே இருந்தது. ஆனால் நிற்கிறபோது பிடிப்பது வேறு, ஓடுகிறபோது பிடிப்பது வேறு என்றார் வீட்டுக்காரர். நான் கறைக்கு எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தேன். சிவப்பு மஞ்சளானது. மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். கெடுபிடியான ஆள் போலத்தான் தெரிந்தார். எட்டு ஆள் பாரத்தோடு அரை மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார். கொழுந்தனார் இதை எதிர்பார்த்து வீட்டிலிருந்து நெல் மூட்டைகளை ஏற்றி வந்திருந்தார். மூட்டைகளை உட்கார வைத்து, லைஃப் ஜாக்கெட்டும் மாட்டிவிட்டிருந்தார். அதிகாரி அதைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். "இன்னும் ஒரு ஆள் பாரம் வேணும்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அதுவரை நான் அதில் ஏறியதே இல்லை. ஒரு நெல் மூட்டைக்கும் இன்னொரு நெல் மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்தேன். இன்ஜின் அறையில், பள்ளமான மூலையில், அதிகாரி தன் பையிலிருந்து அன்றைய பேப்பரை எடுத்து மடித்து வைத்து, மேலே ஒரு ஸ்பேனரைப் பாரமாக வைத்தார். வீட்டுக்காரர்தான் ஓட்டினார். முதலில் மெதுவாகப் போனது. பிறகு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சல். என் முந்தானை பறந்து பக்கத்து மூட்டையின் முகத்தில் விழுந்தது. உப்புத் தண்ணீர் கண்ணில் அடித்தது. இருந்த பயம், கவலை எல்லாவற்றையும் மறந்து நான் சின்னப்பிள்ளை போலக் கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் வேலை செய்கிறபோது எப்படி இருப்பார் என்று கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். நன்றாக இருந்தார்.

கரைக்கு வந்ததும் அதிகாரி மூடியைத் திறந்து பேப்பரை எடுத்தார். தடவிப் பார்த்தார். உதறினார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே அன்றைய ராசிபலனைப் படிக்க ஆரம்பித்தார். முழுக்கப் படித்துவிட்டு, "காயிதம் மொறுமொறுன்னு இருக்கு. வந்து ஆர்டர வாங்கிக்கங்க" என்றார்.

வீட்டுக்காரர் சவுக்கு மரத்துப் பக்கம் ஒதுங்கிக் கம்பெனிக்குப் போன் செய்தார். எனக்குக் கேட்டது கடைசி வரிதான். "இல்ல சார், லீவு இல்ல. இனிமே வரல சார்." திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போல மூட்டைகளின் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றினார். நான் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அழுதேன்.

வருகிற வழியில் நல்ல கொடுவா மீன் வாங்கினோம். வீட்டுக்கு வந்து குழம்பு வைக்கச் சட்டியைத் தேடினேன். இரண்டு வருடமாகப் பழக்கிய மண்சட்டி. பின்கட்டில் இருந்தது. அதில் மண்ணெண்ணெய் ஊற்றி, துருப்பிடித்த போல்ட்டுகளை ஊறப் போட்டிருந்தார்.

"என்னங்க! கண்ணு தெரியுதா ஒங்களுக்கு? இது மீன் சட்டிங்க!"

"கைக்கு ஆப்ட்டத எடுத்தேன். ஒரு சட்டிக்கு இம்புட்டுச் சத்தமா?"

"ஒரு சட்டியா? இனி இதுல கொழம்பு வச்சா வாயில வைக்க முடியுமா? ஒரு வார்த்த கேட்டா என்ன?"

"நீ மட்டும் என்னோட நல்ல துண்ட எடுத்துக் கறை தொடச்சியே, கேட்டியா?"

இருவர் குரலும் ஏறிக்கொண்டே போனது. முப்பது நாளில் கிளம்பிப் போகப்போகிற மனிதரிடம் யாரால் சண்டை போட முடியும்? பதினோரு லீவிலும் நான் அவரிடம் முகம் சுளித்ததுகூட இல்லை. அவரும் அப்படித்தான். விருந்தாளிக்கு விருந்தாளியாக இருந்துவிட்டோம். இப்போது நான் சொம்பை நங்கென்று வைத்தேன். அவர் கதவைப் படாரென்று சாத்திவிட்டு, சொல்லாமல் விட்டதைச் சொல்ல மறுபடி திறந்துகொண்டு வந்தார்.

பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்னடி, புருசன் பொஞ்சாதி சண்டையா?"

"ஆமாக்கா" என்றேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.