‘சூன்’ விற்காத பொத்தான் கடை

லோ சூஜென் பதினெட்டு வருஷமாக வெளிநாட்டுக்காரர்களோடு வியாபாரம் செய்தாள், ஒரு வார்த்தைகூடப் பேசாமல். சீனாவின் யிவூ மொத்த வியாபாரச் சந்தையில் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அங்கே கால்குலேட்டர்தான் பேசும். வருகிறவர் ஒரு எண்ணைத் தட்டுவார், சூஜென் தலையை ஆட்டிவிட்டு வேறொரு எண்ணைத் தட்டுவாள், அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், இவள் சிரிப்பாள், பேரம் முடிந்துவிடும். பிரேசில்காரரோ துருக்கிக்காரரோ, எல்லோருக்கும் அதே கால்குலேட்டர்.

ஒன்றை மட்டும் அதில் தட்ட முடியாது. எப்போது கிடைக்கும்? போன தடவை ஏன் தாமதம்? இது அடிக்கடி நடக்குமா, எப்போதாவதுதானா? இதற்கெல்லாம் பொத்தான் கடைக்காரியிடமும் பொத்தான் கிடையாது, கால்குலேட்டரிலும் கிடையாது. அதற்குத்தான் பாவ் இருந்தான். மொழிபெயர்ப்பாளன், முப்பது வயது, எப்போதும் இரண்டு போன். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவான், பேசுவான், கூட்டிக்கொண்டு போவான். சூஜென் நடுவில் புன்னகையோடு நிற்பாள், கல்யாண வீட்டில் யாரையும் தெரியாதவள் மாதிரி.

அந்த வருஷம் பாவ் தன் ஆட்களை ஏழாம் வரிசைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தான். அங்கே ஒரு பெரிய கடையில் ஆங்கிலம் பேசுகிற பெண் ஒருத்தியை வேலைக்கு வைத்திருந்தார்கள். நான்காம் வரிசை மூலையில், தரையிலிருந்து கூரை வரை பொத்தான் அடுக்கிய சூஜெனின் கடையில் ஈ கூட உட்காரவில்லை. கடையின் ஒப்பந்தம் அக்டோபரில் முடிகிறது. அதற்குள் ஒரு பெரிய ஆர்டர் வராவிட்டால் கடையை விட்டுவிட வேண்டியதுதான். அதை வாங்கிக்கொள்ள ஆள் தயார். பக்கத்துக் கடை ஜின்ஹுவா, ஜிப் வியாபாரி, ஐம்பத்தைந்து வயது, சந்தை முழுக்கக் கேட்கிற குரல். நடுச் சுவரை இடித்து ஒரே கடையாக்கிக்கொள்ள அவளுக்கு ஆசை. ஆசையை மறைக்கிற ஆளும் இல்லை. ஜூன் மாதம் ஒரு காலை டேப்போடு வந்து சுவரை அளந்தாள்.

“நீ போறவரைக்கும் டேப் இங்கயே இருக்கட்டும்டி. மறுபடி மறுபடி தூக்கிட்டு வர முடியல,” என்று ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

அன்றைக்கே சூஜென், சந்தை நிர்வாகம் கடைக்காரர்களுக்கு நடத்திய ஆங்கில வகுப்பில் பெயர் கொடுத்தாள். தினமும் காலை ஏழு மணி, கடை திறக்கும் முன். முதல் நாள் நாற்பது பேர். இரண்டாவது வாரம் ஒன்பது பேர். மற்றவர்களை ஓட வைத்தது ஒரே ஒரு பலகைதான்: ஆல்வேஸ், யூஷுவலி, சம்டைம்ஸ், செல்டம், நெவர், ஆல்ரெடி, ரீசென்ட்லி, ஜஸ்ட் நவ், எர்லி, லேட், லேட்டர், வீக்லி, சூன். எல்லாம் நேரத்தைச் சொல்கிற சொற்கள். விலை, நிறம், அளவு எல்லாம் கண்ணால் பார்க்கலாம், கையால் காட்டலாம். ‘சம்டைம்ஸ்’ஐ எந்தக் கையால் காட்டுவது? நாற்பத்தேழு வயதில் மனப்பாடமும் நிற்கவில்லை. காலையில் படித்தது கறி ரொட்டி தின்று முடிப்பதற்குள் காணாமல் போனது.

ஒரு மத்தியானம், வாடிக்கையாளர் யாரும் இல்லாத சலிப்பில், காட்சிக்கு வைத்திருந்த ஐந்து கண்ணாடிக் குடுவைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் பொத்தான் விளிம்பு வரை இருந்தது. ஒன்று காலி. துடைத்த கை அப்படியே நின்றது. காலிக் குடுவை, நெவர். அடியில் நாலைஞ்சு கிடந்தால் செல்டம். பாதி என்றால் சம்டைம்ஸ். கழுத்து வரை யூஷுவலி. மூடி போட முடியாத அளவுக்கு வழிந்தால் ஆல்வேஸ். ஐந்து குடுவைக்கும் சீட்டு ஒட்டினாள். அந்த ஐந்து சொற்களும் அதற்கப்புறம் அவளைவிட்டு எங்கேயும் போகவில்லை.

மிச்சச் சொற்களுக்கு ஜின்ஹுவாவின் டேப் இருக்கவே இருந்தது. ஆணியிலிருந்து செங்குத்தாகத் தொங்கவிட்டாள். நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான், இப்போது. போன வாரத்தை மேல் வாரம் என்றும், வருகிற வாரத்தைக் கீழ் வாரம் என்றும் சொல்கிற மொழிக்காரி அவள். நடந்து முடிந்ததெல்லாம் சிவப்புக்கு மேலே, வரப்போவதெல்லாம் கீழே. சிவப்பை ஒட்டி மேலே ஒன்று, ஜஸ்ட் நவ். இரண்டு விரல் தள்ளி ரீசென்ட்லி. கீழே லேட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், பின்னால் ஒட்டும் நாடா.

சூன் மட்டும் எங்கேயும் உட்கார மறுத்தது.

வரிசையில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, “‘சீக்கிரம் வந்துரும்’னு சொன்னா எங்க வைப்பீங்க?” என்று ஒரு மஞ்சள் பொத்தானைக் கையில் கொடுத்தாள். ஜின்ஹுவா சிவப்பிலிருந்து ஒரு சாண் கீழே வைத்தாள். பாவ் சிவப்போடு இடித்து வைத்தான். நூடுல்ஸ் கொண்டுவந்தவர் குனிந்து டேப்பின் கடைசி முனையில், தரையில் வைத்தார். “எனக்குத் தெரிஞ்ச முதலாளிங்க எல்லாம் இதைத்தான் இங்க வச்சிருக்காங்க,” என்றார். வரிசையே சிரித்தது.

சூஜென் சிரிக்கவில்லை. இத்தனை நாளாக அவள் சார்பில் பாவ் எல்லோரிடமும் சொன்னது இந்த ஒரு வார்த்தையைத்தானே. சந்தை முழுக்க அதைத்தானே சொல்கிறது. முகத்துக்கு நேரே ‘தாமதமாகும்’ என்று சொல்லி ஒரு விருந்தாளியின் மனத்தை யார் நோகடிப்பார்கள்? சீக்கிரம் என்று சொல்வது மரியாதை, அவ்வளவுதான். ஆனால் டேப்பில் அந்த மரியாதைக்கு இடமே இல்லையே! மஞ்சள் பொத்தானை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினாள். இந்தக் கடையில் இனி சூன் கிடையாது.

செப்டம்பர் நடுவில் பாவ் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். நைரோபியில் பள்ளிச் சீருடை தைக்கும் முத்தோனி. உயரமான பெண், கழுத்தில் தையல் ஊசிகள் குத்திய துணிப்பட்டை, நடந்து நடந்து கழற்றிய செருப்பு கையில். கரும்பச்சைச் சட்டைப் பொத்தான், இரண்டு லட்சம். பாவே இதை ரகசியமாகச் சொன்னான். ஏழாம் வரிசையில் மூன்று கடை பார்த்தாயிற்று, எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள், இவள்தான் ஏனோ எழுந்து எழுந்து வந்துவிடுகிறாள்.

முத்தோனி கால்குலேட்டரைத் தொடவே இல்லை. முதல் கேள்வியே அதுதான், எப்போது கிடைக்கும்.

“சூன், சூன்,” என்றான் பாவ், சூஜென் வாயைத் திறப்பதற்குள்.

முத்தோனியின் முகம் விளக்கணைத்த மாதிரி ஆனது. செருப்பை மாட்ட ஆரம்பித்தாள். சூஜெனுக்குப் புரிந்துவிட்டது. மூன்று கடையிலும் இவள் கேட்டுக் கேட்டு வெறுத்தது இந்த வார்த்தையைத்தான்.

“நில்லுங்க மேடம்,” என்றாள் சூஜென். ஆங்கிலத்தில். அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது.

பாவ் சீன மொழியில் பல்லைக் கடித்தான். “முதலாளியம்மா, அக்டோபர் தேசிய நாள் விடுமுறையப் பத்தி மட்டும் வாயத் திறக்காதீங்க. நம்மூருக்குத்தான் அது தெரியும், இவளுக்குத் தெரியாது. சொன்னீங்க, எட்டாம் வரிசைக்குப் போயிருவா. உங்க கடை போச்சு.”

கடை போச்சு. அது சூஜெனுக்குத் தெரியாதா? சுவரின் அந்தப் பக்கம் ஜின்ஹுவாவின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்டது, ஒட்டுக்கேட்கிறாள். சூஜென் டேப்பின் பக்கம் கையைக் காட்டினாள். முத்தோனி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள், மேலும் கீழும் அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. சூஜென் சட்டென்று டேப்பை ஆணியிலிருந்து கழற்றி மேஜைமேல் படுக்கவைத்தாள். அப்போது முத்தோனியின் விரல் தானாகவே இடமிருந்து வலமாக ஓடியது. ஆமாம், ஆமாம் என்று சூஜெனும் தன் விரலைக் கூடவே ஓட்டினாள்.

“சிவப்பு, இன்னைக்கு,” என்று வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி ஆரம்பித்தாள். “யூஷுவலி, இருபது நாள்.” நாளுக்கு ஒரு கோடு, இருபதாவது கோட்டில் ஒரு நீலப் பொத்தான். பிறகு அதற்கு முன்னாலேயே ஏழு கறுப்புப் பொத்தான்களை வரிசையாக அடுக்கினாள். “ஏழு நாள் ஃபேக்டரி தூங்கும். ஊரே தூங்கும்.” பாவ் கண்ணை மூடிக்கொண்டான். சூஜென் வழிகிற குடுவையைத் தட்டினாள். “லீவு முடிஞ்சா, ஃபேக்டரி ஆல்வேஸ் லேட்.” நீலப் பொத்தானை எடுத்துவிட்டு, தள்ளி, சிவப்பிலிருந்து நாற்பதாவது கோட்டில் ஒரு கரும்பச்சைப் பொத்தானை வைத்து விரலால் அழுத்தினாள். “இந்த நாள் கப்பல்ல இருக்கும். சூன் இல்ல. இந்த நாள்.”

முத்தோனி அந்தப் பச்சைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். போன வருஷமும் யாரோ சூன் என்றார்களாம். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தபோது பொத்தான் கடலில் மிதந்துகொண்டிருந்ததாம். மூன்று பள்ளிகளின் குழந்தைகள் சட்டையை ஊக்கு குத்திக்கொண்டு போனார்களாம். அவள் ஒவ்வொரு தலைமையாசிரியர் வீட்டு வாசலிலும் போய் நின்றாளாம். சூஜெனுக்குப் பாதிச் சொற்கள் புரியவில்லை, ஊக்கு குத்திய கையசைவு புரிந்தது.

பிறகு முத்தோனி ஐந்து குடுவைகளையும் சுட்டினாள். “நீங்க? நீங்க எவ்வளவு தடவை கப்பலுக்கு லேட்?”

பாவின் கண்கள் காலிக் குடுவையைப் பார்த்துத் துடித்தன. நெவர் என்று சொல்லித் தொலையேன், ஒரு விரல் நீட்டினால் போதுமே! சூஜெனின் கை காலிக் குடுவையைத் தாண்டியது. செல்டம் குடுவையை எடுத்தாள். உள்ளே நாலைந்து பொத்தான் கிடந்தது. யோசித்தாள். வெள்ளம் வந்த வருஷம் ஒன்று. சாயப் பட்டறை மாறிய வருஷம் ஒன்று. மற்றவற்றை வெளியே கொட்டிவிட்டு, இரண்டே இரண்டு பொத்தானோடு குடுவையை முத்தோனியின் முன்னால் வைத்தாள்.

“பதினெட்டு வருஷம்,” என்றாள்.

முத்தோனி குடுவையை எடுத்துக் காதருகே குலுக்கினாள். இரண்டு பொத்தானும் கிலுகிலுத்தன. அவள் சிரித்த சிரிப்பில் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “இப்பக் கொண்டா அந்தக் கால்குலேட்டர,” என்றாள்.

ஒப்பந்தம் புதுப்பிக்கிற தாளில் சூஜென் கையெழுத்துப் போட்ட அன்று, ஜின்ஹுவா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். உள்ளே ஐந்து கண்ணாடிக் குடுவைகள், விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

“அக்கா, டேப்பத் திருப்பித் தரட்டுமா?” என்று கேட்டாள் சூஜென், முகத்தை மிகவும் நல்லபிள்ளையாக வைத்துக்கொண்டு.

“வாய மூடுடி. இதுல எது எதுல எத்தனை ஜிப் போடணும்னு சொல்லு.”

பெட்டிகள் நாற்பதாவது நாளுக்கு மூன்று நாள் முன்பே கப்பல் ஏறின. நவம்பர் கடைசியில் ஒரு காலை, வகுப்பு முடிந்து சூஜென் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. படம். கரும்பச்சைச் சட்டைகள் அடுக்கடுக்காக, ஒவ்வொன்றிலும் கழுத்துவரை பொத்தான். ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு பல் விழுந்த சிறுமி ஒருத்தி. பள்ளி திறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. படத்துக்குக் கீழே முத்தோனி ஒரே ஒரு சொல் அனுப்பியிருந்தாள்.

ஆல்ரெடி.

சூஜென் அதை வாய்விட்டு இரண்டு முறை படித்தாள். பையைக் கீழே வைத்தாள். ஆணியில் மறுபடி தொங்கிக்கொண்டிருந்த டேப்பில், கீழே காத்திருந்த பச்சைப் பொத்தானைப் பிய்த்தெடுத்து, சிவப்பைத் தாண்டி, உயரே கொண்டுபோய் ஒட்டினாள்.